மா போதும், குறடு வேண்டாம்

மட்டக்களப்பில் மிருக வைத்தியர் என்றால் மாட்டு டாக்குத்தர்தான். படுவான்கரைக்குப் போனால் எருமையும் பசுவும், எழுவான்கரையில் ஆடும் கோழியும். பேராதனையில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான். கூட்டுப் பறவை பாடத்தின் ஓரத்தில் கிடந்தது. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின், கொழும்பு பஸ்களில் துளையிட்ட அட்டைப்பெட்டிகளுக்குள் லவ் பேர்ட்ஸும் கொக்கட்டீலும் வந்திறங்கத் தொடங்கின. காத்தான்குடி, கல்லடி, ஆரையம்பதி வீடுகளின் விறாந்தைகளில் கூடுகள் தொங்கின. மாட்டுக்கு ஊசி போட வந்த மனிசனிடம், "டொக்டர், இதையும் ஒருக்காப் பாருங்களன்" என்று கூட்டைக் காட்டுவார்கள். அப்படித்தான் நான் பறவை பார்க்கப் பழகினேன்.

வயிற்றோட்டம், முட்டை சிக்கிக்கொள்வது, கால் முறிவு என்று வருபவர்கள் ஆறுதலாகவே வருவார்கள். விழுந்தடித்து ஓடி வருவது ஒன்றுக்குத்தான்: வளர்கிற இறகு உடைந்து இரத்தம் கொட்டுவதற்கு. கூட்டுக்கடியில் விரித்த பேப்பர் சிவந்திருக்கும். பறவை செட்டையை அடித்துக்கொண்டே இருப்பதால் கம்பி, தண்ணீர்க் கிண்ணம், பக்கத்துச் சுவர் எங்கும் தெறித்திருக்கும். கொண்டுவருபவரின் சட்டைப்பையில் சிலவேளை ஒரு குறடும் இருக்கும். உடைந்த இறகை உடனே பிடுங்கிவிடு என்பது பறவை வளர்ப்பவர்களுக்குள் வழிவழியாக வந்த வைத்தியம். பழைய வளர்ப்புப் புத்தகங்கள் பலவும் அதையேதான் சொல்லின. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் இறகு எப்படி வளர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புது இறகு மெல்லிய உறை ஒன்றுக்குள் சுருண்டபடி தோலிலிருந்து எழும்புகிறது. தண்டின் அடித்துளை வழியாக நாடியும் நாளமும் உள்ளே போய், வளர்ச்சிக்கு வேண்டியதைக் கொடுக்கின்றன. அந்தப் பருவத்தில் தண்டு கருநீலமாக, தடித்து, தொட்டால் கொஞ்சம் மெதுமையாக இருக்கும். வீட்டில் கோழி உரித்தவர்களுக்கு இது புதிதல்ல. சில இறகுகளைப் பிடுங்கும்போது அடியில் கறுத்த இரத்தம் கசியுமே, அவைதான். நான் அதைக் குருத்து என்பேன். வளர்ச்சி முடிய முடிய இரத்தம் நுனியிலிருந்து அடி நோக்கி வற்றிக்கொண்டு போகும். உறையைப் பறவையே கோதி உதிர்க்கும். மிஞ்சுவது வெறும் குழாய். கிழவர்கள் காது குடைய எடுக்கும் கோழி இறகில் ஒரு சொட்டு இரத்தமும் இராது, அதை வெட்டினால் கோழிக்கு வலிக்கவும் மாட்டாது. குருத்து அப்படியில்லை. சின்னக் கிளியினங்களில் சில வாரங்களுக்கு அது உயிருள்ள உறுப்பு.

செட்டையின் பெரிய இறகுகள் தோலில் மட்டும் நட்டுவைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். நுனிப்பக்கத்து நீள இறகுகள் கை எலும்புகளோடும், அடுத்த வரிசை முன்கை எலும்போடும் பிணைந்திருக்கின்றன. குறட்டால் பிடுங்கும்போது இழுபடுவது எலும்பின் மேலுறையும்தான். பறவை அலறுவது பயத்தில் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. பிடுங்குகிற அவசரத்தில் இறகு முளைக்கும் குழி கிழிந்தால், அந்த இடத்தில் பிறகு இறகு கோணலாக வரும், அல்லது வராமலே போகும். தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகிவிடுவதும் உண்டு. சும்மா நின்றிருக்கக்கூடிய ஒரு இரத்தக்கசிவுக்காக இவ்வளவையும் விலைக்கு வாங்குவதா என்பதுதான் என் கேள்வி.

ஆட்கள் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. பறவையின் உடலில் இரத்தம் உடல் நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 35 கிராம் லவ் பேர்டுக்கு மூன்றரை மில்லிலீற்றர்; ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. 90 கிராம் கொக்கட்டீலுக்கு ஒன்பது மில்லிலீற்றர். பச்சைக்கிளிக்குப் பன்னிரண்டு வரை. ஒரு மில்லிலீற்றர் என்பது சுமார் 20 சொட்டு. ஆகவே லவ் பேர்ட் ஏழு சொட்டு இழந்தால் மொத்தத்தில் பத்தில் ஒன்று போய்விட்டது. சுகதேகியான பறவை அதைத் தாங்கும். இருபது சொட்டு போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தால் ரூபாய்க் குற்றியளவு பரவும், செட்டை அடிக்கும்போது அந்த ஒரு சொட்டே நாற்பது புள்ளியாகத் தெறிக்கும். பேப்பரைப் பார்த்து முடிவெடுக்காமல் பறவையைப் பாருங்கள். கம்பில் நிமிர்ந்து நின்று, கையை நீட்டினால் கடிக்க வருகிறதா? நேரம் இருக்கிறது. கூட்டின் தரையில் உப்பிக் குந்தி, கண்ணை மூடி, கால் வெளிறிப் போயிருந்தால் வைத்தியரைத் தேடி ஓடுங்கள்.

இதில் என் எண்ணம் உறுதிப்பட்டது 2022இல். மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. இருட்டில் கொக்கட்டீலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எலியோ பல்லியோ கூட்டில் ஏறினால், எங்கோ ஒரு ஜெனரேட்டர் திடீரென்று உறுமினால், ஒன்று வெருண்டு எழும்பும். அதைக் கேட்டு மற்றவை எல்லாம் எழும்பும். எங்கே கம்பி எங்கே சுவர் என்று தெரியாமல் கூடு முழுக்க அடித்துக்கொள்ளும். மஞ்சள் நிற லூட்டினோக்களில் இது இன்னும் கூட. மற்ற நாட்களில் விறாந்தை பல்ப் ஒன்று எரியும், பறவைக்குத் தன் கம்பு தெரியும். அந்த மாதங்களில் அதுவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி அடித்தது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலம். அவர்களாலும் வர முடியாது, என்னாலும் போக முடியாது. வாயால்தான் வைத்தியம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு அம்மா பேசியது நினைவிருக்கிறது.

"டொக்டர், ரத்தம் நிக்குதில்ல. மகன் குறட்ட எடுத்திட்டு நிக்கார். புடுங்கவா?"

"புடுங்க வேணாம் ராத்தா. வீட்ட கோன் பிளவர் இரிக்கா?"

"அதெங்க டொக்டர் இப்ப? இடியப்பத்துக்கு வறுத்த மா கொஞ்சம் இரிக்கி."

"அது காணும். மெல்லிய துவாயால சுத்திப் புடிச்சி, உடைஞ்ச இடத்தில மாவ வெச்சி விரலால அமத்துங்க. நெஞ்ச மட்டும் இறுக்க வேணாம்."

நெஞ்சை இறுக்க வேண்டாம் என்பதை ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் சொல்வேன். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இரத்தத்தை நிறுத்துகிறேன் என்று இறுக்கிப் பிடித்து மூச்சை நிறுத்தியவர்கள் உண்டு. தலையை இரண்டு பக்கத் தாடையிலும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்தால் கடிக்காது. உடலைத் துவாய் சுற்றியிருந்தால் போதும். இரண்டு மூன்று நிமிடம் விரலை எடுக்காமல் அமத்த வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இரத்தம் நிற்கவே நிற்காது, ஒட்டிய கட்டி ஒவ்வொரு தரமும் பிய்ந்துவிடும்.

நின்றதும் கூட்டில் விடாமல், அடியில் துணி விரித்த சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைக்கச் சொல்வேன். பறவை அசையாமல் இருந்தால் இரத்த அழுத்தம் இறங்கும், கட்டி இறுகும். எங்கள் பக்கத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது: பெட்டியை வைக்கும் மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்த வேண்டும். இரத்த வாடைக்கு நெருப்பெறும்பு எங்கிருந்துதான் வருமோ, விடிவதற்குள் வரிசை கட்டிவிடும். அந்த ராத்தா காலையில் மறுபடி எடுத்தார். பறவை தினை கொத்திக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் தொலைபேசியில் கேட்ட பறவைகளில் பெரும்பாலானவை குறடு படாமலே பிழைத்தன. உடைந்த தண்டு நாளடைவில் காய்ந்து, தானாகவே விழுந்து, அதே குழியில் நல்ல இறகு வந்தது.

இறகு முழுதாகக் கழன்று விழுந்து, தோலில் வெறும் குழி இரத்தம் கசிவதும் நடக்கும். அதற்கு இன்னும் குறைந்த வேலை: சுத்தமான பஞ்சால் குழிமேல் அமத்தினால் சரி. குழிக்குள் எந்தத் தூளும் திணிக்கக் கூடாது. நகத்திலிருந்து வரும் இரத்தத்தை நிறுத்தும் கடைத்தூள் அந்தக் குழியின் தசையைச் சுட்டுவிடும். படிகாரத்துக்கும் அதையே சொல்வேன்.

நம் வீடுகளில் காயத்துக்குப் போடுகிறவற்றின் பட்டியல் பெரியது. முதலிடம் கோப்பித்தூளுக்கு. மனிசருக்குப் போடுவதை நான் தடுக்கப் போவதில்லை. பறவை அந்த இடத்தை உடனே கோதும், கோப்பியிலுள்ள கஃபீன் அதற்கு நஞ்சு. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், நெஞ்சுச்சளிக்குப் பூசும் தைலம், இவை இறகுகளைப் பிசுபிசுப்பாக்கி ஒட்டவைக்கும். எண்ணெய் பட்ட இறகு உடல் சூட்டைப் பிடித்து வைக்காது. இரத்தம் இழந்த பறவைக்கு வேண்டியதே சூடுதான். வலிக்குப் பனடோல் கரைத்துக் கொடுத்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். வேண்டாம். பறவைக்கு வலிமருந்து இருக்கிறது; அதன் அளவை நிறை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் பிடுங்கவே கூடாதா? சில வேளை வேண்டும். தோலுக்கு மிகக் கிட்ட முறிந்து, தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு செட்டையடிப்புக்கும் திறந்து திறந்து ஒழுகும் தண்டு உண்டு. அமத்தியும் மா போட்டும் நிற்கவில்லை என்றால் அது கழன்றுதான் ஆக வேண்டும். அதை வைத்தியர் செய்ய வேண்டும், முடிந்தால் மயக்கம் கொடுத்து. ஒரு கையால் செட்டை எலும்பைத் தாங்கிப் பிடித்து, தோலோடு ஒட்டி இடுக்கியால் பற்றி, இறகு வளர்ந்த திசையிலேயே முறுக்காமல் ஒரே இழுவையில் எடுக்க வேண்டும். பிறகு குழிமேல் சில நிமிடம் விரல். எலும்பைத் தாங்காமல் இழுத்து செட்டையை முறித்துக்கொண்டு வந்த பறவைகளுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் நெருப்பு அணைக்கிற வேலை. மூட்டுகிற பொருள் அனேகமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: கத்தரிக்கோல்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் பச்சைக்கிளி ஒன்று இருந்தது. தென்னம்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்தது. (காட்டுக் கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பது எனக்கு உடன்பாடில்லாத விசயம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைக் கூட்டில் வைப்பதே குற்றம்.) பறந்து போய்விடும் என்று வலது செட்டையை மட்டும் ஒட்ட நறுக்கியிருந்தார். சில வாரம் கழிய வந்தார்: "ரத்தம் வந்திச்சி டொக்டர், புடுங்கிட்டம்." மறுகா வந்தார்: "புதிசா வந்ததும் உடைஞ்சிட்டு. அதையும் புடுங்கிட்டம்." திரும்பத் திரும்ப அதே செட்டை. கிளிக்கு ஏதோ வருத்தம், இரத்தம் கெட்டுவிட்டது என்பது அவருடைய கணிப்பு.

கிளிக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிளியினங்கள் செட்டையின் பத்து முதல்வரிசை இறகுகளையும் ஒரேயடியாக உதிர்ப்பதில்லை. நடுவில் ஒன்று விழும், பிறகு அதன் இரண்டு பக்கமும் ஒன்றொன்றாக, இரண்டு செட்டையிலும் ஒரே ஒழுங்கில். அதனால் எந்த நேரத்திலும் ஒரு குருத்துக்கு இரு பக்கமும் முற்றிய இறகுகள் காவல் நிற்கும். பறவை கம்பியில் மோதினாலும் அடி அவற்றில்தான் விழும். எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கிவிட்டால், அடுத்து வரும் குருத்து கச்சான் காற்றில் வேலியில்லாமல் நிற்கும் வாழைக்கன்றுதான். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய பறவை சமநிலை இழந்து அடிக்கடி விழும். விழுவது அந்தப் பக்கமாகவே. போதாததற்கு, பிடுங்கிய குழியில் உடனே புதுக் குருத்து கிளம்பும். நறுக்கிய இறகு அடுத்த உதிர்வுக் காலம்வரை சும்மா இருக்கும், பிடுங்கிய இடம் சும்மா இருக்காது. ஆகவே பெரியவர் பிடுங்கிய ஒவ்வொரு தரமும் அடுத்த உடைவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான் கேட்டது பொறுமையை மட்டும்தான். உயரக் கம்புகளை எடுத்துவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு கம்பு. தரையில் மடித்த சாக்கும் அதன்மேல் பேப்பரும். குருத்து உடைந்தால் மா, பெட்டி, இருட்டு. குறட்டை வண்டிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கச் சொன்னேன். மற்ற இறகுகள் உதிர்ந்து வரும்வரை மாதக்கணக்கில் எடுத்தது. பிறகு அந்தக் கிளி என்னிடம் வரவில்லை.

முற்றிய இறகு உடைந்தால் ஒட்டுப்போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. வல்லூறு வளர்த்து வேட்டையாடியவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த வேலை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் பேரரசர் வல்லூறு வேட்டை பற்றி எழுதிய பெரிய நூலிலும் அதற்கு இடமுண்டு. பழைய தண்டின் குழாய்க்குள் மெல்லிய சிம்பு ஒன்றைச் செருகி, உதிர்ந்து விழுந்த நல்ல இறகை மறுபக்கம் பொருத்தி ஒட்டுவார்கள். தண்டு வெறும் குழாயாக இருக்கும்போதுதான் இது நடக்கும். இரத்தம் ஓடும் குருத்தில் எதையும் செருக முடியாது.

கத்தரிக்கோலும் இருட்டும் காரணமில்லாமல் குருத்துகள் தாமாகவே அடிக்கடி உடைந்தால், தண்டுகள் அடியில் நெரிந்து, உள்ளே இரத்தம் கட்டி, உறை கழலாமல் நின்றால், சந்தேகிக்க வேண்டியது வேறு. 1907இல் தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் மலைப்பகுதியில் எட்வின் ஆஷ்பி என்பவர் காட்டுக் கிளிகள் இறகிழந்து திரிவதைக் கண்டு எழுதினார். அது அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய் என்பது பல தசாப்தம் கழித்துத் தெளிவாயிற்று. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும், மருந்து இல்லை. அப்படியான பறவையை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிட்டுத்தான் வைத்தியரிடம் பேச வேண்டும். புதிதாக வாங்கிய பறவையை முதல் நாளே பழைய கூட்டுக்குள் விடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். எலிப்பாசாணம் தின்ற பறவைக்கும் இரத்தம் உறையாது. வீட்டில் எலிக்கு ஏதாவது வைத்தீர்களா என்று கட்டாயம் கேட்பேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. இறகு பெரும்பாலும் புரதம். வெறும் தினையிலும் சாமையிலும் அதற்கு வேண்டிய தரமான புரதமும், விற்றமின் ஏயும், கல்சியமும் போதாது. உதிர்வுக் காலத்தில் அவித்த முட்டை ஒரு விரல்நுனி, முளைகட்டிய பயறு, முருங்கையிலை கொடுங்கள். கணவாய் ஓட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக்கி வெயிலில் காயவைத்தால் போதும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று வறண்டு, குருத்தின் உறை கழலாமல் இறுகி அரிக்கும். பறவை கடித்துக் கடித்தே உடைத்துக்கொள்ளும். அகன்ற தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். மாலையில் வேண்டாம், காலையில்.

வீட்டில் பறவை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். இரவில் கூட்டுக்கருகே மங்கலான விளக்கொன்று எரியட்டும். மின்வெட்டுக்கும் நிற்கக்கூடிய சார்ஜ் விளக்கானால் நல்லது. மண்ணெண்ணெய் விளக்கு வேண்டாம், பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. கோயில் வெடிக்கும் பெருநாள் வெடிக்கும் முன்னதாகக் கூட்டை உள்ளறைக்குக் கொண்டுபோங்கள். சமையலறையில் மா எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். செட்டை வெட்டாதீர்கள், கதவையும் ஜன்னலையும் சாத்துவது அதைவிட இலகு. இல்லை, வெட்டியே தீருவேன் என்பவர்கள், வெட்டுவதற்கு முன் செட்டையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து ஒவ்வொரு தண்டாகப் பாருங்கள். ஒரே ஒரு தண்டு கருநீலமாகத் தெரிந்தாலும் கத்தரிக்கோலைத் திரும்ப மேசை லாச்சிக்குள் போடுங்கள்.